இத்தனை பேருக்கு ஒரே சித்தப்பாவா?

இன்று காலை கீழ் வீட்டில் கபசுரக் குடிநீர் காய்ச்சினார்கள். அவர்கள் பிள்ளைக்குச் சளி. அந்தக் கசப்பு வாடை மாடிப்படி ஏறி என் சமையலறை ஜன்னலுக்கு வந்ததும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஊரடங்கு நாட்களில் நம் வீட்டில் தினமும் அந்த வாடைதான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்காக விழுங்குவேன். நீ ஒரே மூச்சில் குடித்து, முகத்தைக்கூடச் சுளிக்காமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாய். எப்படி முடிகிறது என்று கேட்டால், "இதவிட ஜாஸ்தி கசப்பெல்லாம் பாத்தாச்சு அண்ணி" என்பாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதுவரை எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை. உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் முதலில் வருவது பெருமைதான். செத்துப்போனவனைப் பற்றிப் பேசும்போது இவளுக்கு முகம் மலர்கிறதே என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களோ என ஒரு கூச்சம் இருந்தது. நினைத்துக்கொள்ளட்டும்.

நீ அப்போது அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த மறுவாழ்வு மையத்தில் தங்கியிருந்தாய். போதை மாத்திரையை விட்டு, சாப்பாடு இறங்கத் தொடங்கி, பக்கத்துக் கட்டில்காரனோடு நாலு வார்த்தை பேசத் தொடங்கியிருந்த சமயம். கொரோனா வந்ததும் மையத்தை மூடினார்கள். எல்லாரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். உனக்கு வீடு எது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. கடலூர் வீட்டில் அத்தையும் உன் அண்ணனும் இருந்தார்கள். நீ குமராட்சி மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மாத்திரை மயக்கத்தில் வண்டியை வாய்க்காலில் இறக்கிவிட்டாய். யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அன்று முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் உன் அம்மா. அன்றிலிருந்து உன் அண்ணன் உன்னோடு பேசுவதில்லை.

"அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று என்னிடம் போனில் சொன்னார். அவருக்குச் செம்மங்குப்பத்தில் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் மருந்தியலில் ஆராய்ச்சி செய்துகொண்டு சிதம்பரத்தில் இந்த மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தேன். வாரம் ஒருமுறை அவர் பைக்கில் வந்து போவார். "அப்டீன்னா இங்க வரட்டும், இது என் வாசப்படி" என்றேன். உன் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பஸ் ஓடாத நாட்கள். பலாப்பழம் ஏற்றி வந்த லோடு வண்டி ஒன்று தெருமுனையில் நின்றது. அதிலிருந்து தோளில் ஒரு துணிப்பையும் இடுப்பில் ஒரு பலாப்பழமுமாக நீ இறங்கினாய். மையத்துச் சமையல்கார அம்மா, வெறுங்கையோடு போகாதே என்று கொடுத்து அனுப்பினாளாம். குழந்தையைத் தூக்கி வருவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு படியேறினாய். மேலே வந்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாய். பழத்தையா, உன்னையா என்று எனக்கு விளங்கவில்லை. பின்னறையைக் காட்டினேன்.

முதல் சில வாரங்கள் நீ இருப்பதே தெரியாது. விடிவதற்குள் வாசல் பெருக்கியிருக்கும், தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கும், மாவு அரைத்திருக்கும். வீட்டில் சும்மா இருந்தால் என்ன யோசனை வருமோ என்று பயந்து நீயே வேலை தேடித் தேடிச் செய்தாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என் வேலையும் அப்போது தலைகீழாக மாறியிருந்தது. கல்லூரியும் ஆய்வகமும் பூட்டிக் கிடந்தன. எங்கள் துறையின் ஸ்டெல்லா மேடம் எனக்கு வேறொரு வேலை கொடுத்தார். மதுக்கடைகள் மூடியாயிற்று. வழக்கமாகப் புழங்கும் சரக்கு எதுவும் ஊருக்குள் வர வழியில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக எல்லாரும் நிறுத்திவிடுவதில்லை, வேறு எதையாவது தேடுகிறார்கள். அப்படிப் புதிதாக எது நுழைகிறது என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும்போது நாலைந்து பேர் விழுந்திருப்பார்கள். அதிலும் ஆஸ்பத்திரிகள் அப்போது கொரோனாவில் மூழ்கியிருந்தன. ஆனால் இணையத்தில் புனைபெயரில் கூடிப் பேசும் பொது அரங்குகள் இருக்கின்றன. அங்கே மனிதர்கள், தாங்கள் எதைச் சாப்பிட்டோம், என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைத் திரட்டி, எந்தப் பெயர் புதிதாக முளைக்கிறது, எது வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்று கவனிப்பதுதான் வேலை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்த ஆய்வு. அதில் தமிழ்ப் பேச்சு என் பங்கு. கணினி பதிவுகளை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். நான் ஒவ்வொன்றாகப் படித்து, இது போதைப்பொருள் பற்றியது, இது இல்லை என்று பிரிக்க வேண்டும்.

ஒரு நாள் நீ டீ கொண்டுவந்து வைத்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்துட்டாரா என்று ஒருவன் கேட்டிருந்தான். சித்தப்பா நேத்து லேட்டாத்தான் பேசுனாரு என்று இன்னொருவன். சித்தப்பாவ நம்பாத, மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இருக்காது என்று வேறொருவன். ஊரடங்கில் வீட்டுச் சண்டையை எல்லாம் இங்கே வந்து எழுதுகிறார்களே என்று சொல்லி, எல்லாவற்றையும் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நீ குனிந்து திரையைப் பார்த்தாய்.

"அண்ணி, இத்தன பேருக்கு ஒரே சித்தப்பாவா?"

நான் திரும்பிப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அது ஒரு மாத்திரையாகத்தான் இருக்கும், நேராகப் பெயர் சொல்லி யாரும் எழுத மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாய். பிறகு, யாரும் கேட்காமலே, "நா அங்கல்லாம் இருந்தவந்தான் அண்ணி" என்றாய்.

அன்று ஒதுக்கி வைத்த பதிவுகளை எல்லாம் திரும்ப எடுத்தோம். உனக்கும் எல்லாம் சரியாகத் தெரிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணாயில் எங்க கிடைக்கும் என்று ஒருவன் கேட்டிருந்ததைப் பார்த்து, இது ஏதோ புதுச் சரக்கு என்று நீ அடித்துச் சொன்னாய். இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தோம். கடைசியில் பார்த்தால் பாவம், அவன் வீட்டில் கேஸ் தீர்ந்துபோய் உண்மையாகவே ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் தேடியிருக்கிறான். நீ வந்த பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் சித்தப்பா விஷயத்தில் உன் கணிப்பு தப்பவில்லை. பேர் அச்சடிக்காத அட்டையில் வரும் மாத்திரை. தூக்க மாத்திரை என்று சொல்லி விற்றார்கள். நான் வாரவாரம் எண்ணிக் கோடு வரைந்தேன், கோடு ஏறிக்கொண்டே போயிற்று. எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பதைக் கோட்டில் நான் பார்த்தேன். அந்தப் பதிவுகளுக்குள் இருந்த பயத்தை நீ பார்த்தாய். "இது உடனே ஏற மாட்டேங்குது அண்ணி. ஏறலையேன்னு ரெண்டாவது போட்றானுங்க. அங்கதான் மாட்டிக்கிறானுங்க" என்றாய். நான் அதை அப்படியே ஸ்டெல்லா மேடத்துக்கு எழுதினேன். இதைக் கண்டுபிடித்தது யார் என்று மேடம் கேட்டார். உன்னைக் கேட்டுக்கொண்டு சொன்னேன்.

மேடம் யோசிக்காமல் சம்மதித்துவிடவில்லை. இந்தப் பேச்சைப் படிப்பது அவனுக்கு நல்லதா என்று மூன்று முறை கேட்டார். மையத்து ஆலோசகர் தினமும் உனக்குப் போன் செய்து பேச வேண்டும், அவர் நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு உன்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

அந்த நிபந்தனை எவ்வளவு தேவைப்பட்டது என்பது நமக்குத்தான் தெரியும். ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாய். "இன்னிக்கி வேணாம் அண்ணி. நாக்குல ஊறுது" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ வெயிலில் நின்று ஆலோசகரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய், வியர்வை சட்டையை நனைத்திருந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். நீ மறுநாள் காலையில் வந்து, நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் படிப்பேன், ஊறினால் எழுந்துவிடுவேன், எழுந்த அன்று திரும்ப உட்கார மாட்டேன் என்று சொன்னாய். சொன்னபடி நடந்தாய். எத்தனையோ நாள் பாதியில் எழுந்து போயிருக்கிறாய். ஒரு நாள்கூட மறைத்ததில்லை. பட்டம் வாங்கியவர்கள் பலரோடு நான் வேலை செய்திருக்கிறேன். தன்னைத் தானே இவ்வளவு ஒழுங்காகக் கவனித்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். புதிதாக ஒரு பதிவு விழுந்தது. எழுதியவன் பதறிப்போய் எழுதியிருந்தான், பாதி எழுத்து பிழை. நண்பன் சித்தப்பா ரெண்டு போட்டான், கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறான், மூச்சு மெதுவா வருது, போலீஸ் வராம என்ன பண்றது என்று கேட்டிருந்தான். கடலூர் பழைய டவுன் பக்கம் ஒரு காலி ரூமில் இருப்பதாகவும் சொல்லியிருந்தான். கீழே பதில்கள் வரத் தொடங்கின. மூஞ்சியில் தண்ணி ஊத்து என்றான் ஒருவன். எலுமிச்சை சாறு குடு என்றான் இன்னொருவன். தூங்கட்டும் விடு, நாளைக்கு எழுந்துருவான் என்றான் மூன்றாமவன்.

நம் ஆய்வுக்கு ஒரு விதி இருந்தது. அங்கே நாம் கேட்பவர்கள் மட்டும், எழுதக் கூடாது. யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், பிறகு எந்த ஆபத்தும் நமக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த விதியில் நியாயம் இருந்தது. நான் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி போட்டேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணி, நா எழுதவா?"

"எழுது" என்றேன். எழுதச் சொன்னவள் நான். மேடத்திடமும் அப்படித்தான் சொன்னேன்.

புதுப் பெயரில் எழுதினால் எவன் நம்புவான் என்று சொல்லி, நீ உன் பழைய பெயரில் உள்ளே போனாய். மாத்திரை சாப்பிட்ட நாட்களில் உனக்கு அங்கே இருந்த பெயர். இனி அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று மையத்தில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டு வந்த பெயர். கடவுச்சொல்லை அடித்தாய். அரங்கில் உன்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். அண்ணன் வந்துட்டாருடா என்று ஒருவன் எழுதினான். நீ அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் எழுதினாய். நானும் இதெல்லாம் போட்டவன்தான், வாயில் எதையும் ஊத்தாதே, ஒருக்களித்துப் படுக்க வை, இப்பவே நூற்றெட்டுக்குப் போன் பண்ணு, என்ன சாப்பிட்டான் என்று வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லு, அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள் என்று.

அவன் கேட்டான், போலீஸ்ல மாட்டிக்குவோமே என்று.

நீ அடித்ததை நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். "உயிரோட இருக்கறவனத்தான்டா போலீஸ் கேள்வி கேக்கும். மொதல்ல அவன் உயிரோட இருக்கட்டும். போன் பண்ணு."

அதற்குப் பிறகு பதில் இல்லை.

பதிலுக்குப் பதிலாக வேறொன்று வந்தது. பழைய பெயரைப் பார்த்த ஒரு விற்பனைக்காரன் உன் போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். எங்க போயிட்ட, உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், அட்ரஸ் மட்டும் சொல்லு என்று. நீ அதைப் படித்தாய். போனை என் கையில் கொடுத்துவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் படியேறி வந்தார். வழக்கமாக அவர் வந்தால் நீ பின்னறைக்குப் போய்விடுவாய். அவரும் காய்கறிப் பையைக் கொடுத்து, வாசலில் நின்றபடி என்னோடு பேசிவிட்டுக் கிளம்புவார். அன்று நீ எழுந்திருக்கவில்லை. என் கையில் இருந்த போனில் அந்தச் செய்தி திறந்தே இருந்தது. அவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். அவர் உன்னோடு பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முதலில் பேசிய வார்த்தை இதுவாக ஆயிற்று. நான் பேச வாயெடுத்தேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய். கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்து, "படிச்சுப் பாருண்ணா" என்றாய், அவ்வளவுதான்.

அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றி வைக்கவில்லை, கையில் பிடித்தபடி நின்று படித்தார். அந்தப் பையன் எழுதியதை, கீழே வந்த உளறல்களை, நீ எழுதியதை. மெதுவாகப் படித்தார். ஒருமுறை மேலே போய் மறுபடி படித்தார். நீ தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பையன் என்னா ஆனான்?" என்றார்.

"தெரியலண்ணா. இன்னும் பதில் வரல."

உன் அண்ணன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த வீட்டுக்குள் நீ வந்த பிறகு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாம் மூன்று பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் டீ போட்டேன், யாரும் குடிக்காமல் ஆறிப்போயிற்று. வெயில் சாய்ந்தது. நடுவில் தொழிற்சாலையிலிருந்து உன் அண்ணனுக்குப் போன் வந்தது, ஷிப்டுக்கு வரவில்லையா, எங்கே இருக்கிறாய் என்று. "சிதம்பரத்துல, தம்பிகூட இருக்கேன். ஆள் மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். தம்பி என்று அவர் சொன்னதும் உன் முதுகு ஒருமுறை குலுங்கியதைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பதில் வந்தது. ஆஸ்பத்திரில இருக்கோம், கண்ண தொறந்துட்டான், அட்டைய டாக்டர்கிட்ட குடுத்துட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தான். நீ உடனே பழைய பெயரிலிருந்து வெளியே வந்தாய். அந்தக் கணக்கையே அழித்துவிடும்படி என்னிடம் சொன்னாய். பிறகு பின்னறைக்குப் போய் அழுதாய். உன் அண்ணன் உன் பின்னாலேயே உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணன் தம்பிக்குள் அங்கே என்ன பேச்சு நடந்தது என்று இன்றுவரை நான் கேட்டதுமில்லை.

மறுநாள் நடந்ததை எல்லாம் மேடத்துக்கு எழுதினேன். பல ஊர்க்காரர்களும் சேர்ந்த இணையக் கூட்டம் நடந்தது. ஒருவர் கடுமையாகவே பேசினார். விதியை மீறினால் மொத்த ஆய்வும் கெட்டுவிடும் என்றார். அவர் பயந்ததும் சரியான விஷயத்துக்குத்தான். நீ திரையின் ஓரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு கைகட்டி உட்கார்ந்திருந்தாய். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மேடம் உன்னைக் கேட்டார். நீ யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. "எங்கூட இருந்த ஒருத்தன் இப்டித்தான் சார் போனான். அன்னிக்கு நாங்க தண்ணி ஊத்திக்கினு உக்காந்திருந்தோம். எங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல" என்று மட்டும் சொன்னாய். கடுமையாகப் பேசியவர்தான் அடுத்து, உயிருக்கு ஆபத்து என்றால் பதில் எழுதலாம், அதற்கு ஒரு முறை வகுப்போம் என்றார். அரங்கை நடத்துகிறவர்களிடமே வெளிப்படையாகப் பேசி, இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பை மேலேயே நிற்கும்படி வைத்தார்கள். அதில் இருந்த தமிழ் வாசகங்கள் நீ எழுதியவை.

எச்சரிக்கை மருத்துவமனைகளுக்குப் போயிற்று. அந்த அட்டையில் எஞ்சியதைச் சோதித்துப் பார்த்தபோது, சொல்லி விற்ற மருந்தே அதில் இல்லை என்று தெரிந்தது. எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு புதுச் சரக்கு. மயங்கிக் கிடக்கும் இளைஞர்களைத் தூக்கிவந்தால் முன்பெல்லாம் கொரோனா மூச்சுத்திணறல் என்றுதான் முதலில் நினைப்போம் என்று ஒரு டாக்டர் மேடத்திடம் சொன்னாராம். இப்போது கூட வந்தவனைத் தனியாக அழைத்து, சித்தப்பாவா என்று கேட்கிறாராம். கேட்டதும் அவன் முகம் வெளுத்து, உண்மையைச் சொல்லிவிடுகிறானாம். அடுத்த சில வாரங்களில் என் கோடு இறங்கத் தொடங்கியது. அதை நீதான் முதலில் பார்த்தாய். அன்று நீயே போய்ப் பால்கோவா வாங்கி வந்தாய்.

ஆய்வுக் கட்டுரை வந்தபோது உன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக இருந்தார். நான்தான் தயங்கினேன். ஊருக்குத் தெரிந்துவிடுமே, நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் பேச்சு வருமே என்று யோசித்தேன். நீ, "போடுங்க அண்ணி. ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் கெட்டுப்போனேன்" என்றாய். உன் அண்ணன் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு செம்மங்குப்பம் டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கும் புரியாது, பார்த்தவர்களுக்கும் புரியாது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் விரலை வைத்து வைத்துக் காட்டியதில் போன் கண்ணாடி அந்த இடத்தில் மங்கிப்போயிருந்தது.

மையம் மறுபடி திறந்ததும் நீ அங்கேயே வேலைக்குப் போனாய். புதிதாக வந்து சேர்கிறவர்களோடு முதல் வாரம் முழுக்கக் கூடவே இருப்பது உன் வேலை. அவர்கள் திட்டுவார்கள், எட்டி உதைப்பார்கள், அம்மாவைக் கூப்பிட்டு அழுவார்கள். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். பிறகு மையத்து வேனையும் ஓட்டத் தொடங்கினாய். ஒரு பொங்கலுக்கு அந்த வேனில் கடலூர் வீட்டுக்கு வந்தாய். அத்தை யாரையும் கேட்காமல் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சில்வர் பீச்சுக்கு விடுடா என்றாள். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, இரண்டு பேர் காலிலும் மணல்.

பழைய வருடங்கள் உன் கல்லீரலில் விட்டுப்போனது யாருக்கும் தெரியவில்லை. கண் மஞ்சளானபோது சாதாரணக் காமாலை என்றுதான் நினைத்தோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போதோ ஆன சேதம் இது, இப்போது செய்வதற்கு அதிகமில்லை என்றார். நீ பதறவில்லை. வலி ஜாஸ்தியான நாளில், எனக்குப் போடும் ஊசி என்ன மருந்து, அதில் பழக்கம் ஏதும் வருமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டாய். சாகும் தறுவாயிலும் அந்தக் கணக்கில் நீ கறாராக இருந்தாய்.

காரியம் நடந்த அன்று பந்தலில் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். பழையபடி மாத்திரைதான் போல, எங்க விடும் அது என்று. உன் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை, அன்றும் போடவில்லை. பேசியவர் எதிரில் போய் நின்றார். "மாத்திரைய விட்டுட்டுத்தான் போனான் என் தம்பி. நாலு பேர விட வச்சிட்டுப் போனான். அவுங்களும் வந்திருக்காங்க, கேட்டுப் பாருங்க" என்றார். பந்தல் ஓரத்தில் மையத்திலிருந்து வந்தவர்கள் நின்றிருந்தார்கள். உன்னை எடுத்த அன்று பாடை தூக்கியதும் அவர்கள்தான். உறவுக்காரர்கள் முன்வந்தபோது, அண்ணன நாங்க தூக்குறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நான் இன்னும் இதே வேலைதான் செய்கிறேன். இப்போது என்னிடம் மாணவர்கள் இருக்கிறார்கள். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, புதிது புதிதாக முளைக்கின்றன, நாங்களும் விடாமல் பின்தொடர்கிறோம். போன மாதம் ஒரு கல்லூரியில் போதை விழிப்புணர்வுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். உன் கதையைச் சொல்லப் போகிறேன் என்றதும், ஏற்பாடு செய்தவர் தயங்கினார். உறவு என்று சொல்ல வேண்டாமே மேடம், யாரோ ஒருத்தர் என்று சொல்லுங்களேன், உங்கள் குடும்பத்துக்கும் நல்லதில்லையே என்றார், நல்ல மனதோடுதான். நான் மேடையேறி, என் கொழுந்தன் என்றுதான் தொடங்கினேன். உன் பெயரை, இனிஷியலோடு, கட்டுரையில் அச்சானது போலவே சொன்னேன். வாய்க்காலில் இறங்கிய பஸ்ஸையும் சொன்னேன், பழைய டவுன் பையனையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் எனக்காகப் படிக்கட்டில் காத்திருந்தாள். முதல் வருட மாணவியாக இருக்கலாம். அவள் அண்ணனும் இப்படித்தானாம். வீட்டில் யாரும் அவனோடு பேசுவதில்லை, அவன் பேச்சையே எடுப்பதில்லை, தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். நான் மையத்து விவரத்தைச் சொன்னேன். அதுவரை என்ன செய்யட்டும் மேடம் என்று கேட்டாள்.

"சோறு போடும்போது பேர் சொல்லிக் கூப்புடும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்து, உங்க கொழுந்தனார் பேரை இன்னொரு தடவை சொல்லுங்கள், அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். மறந்துவிடக் கூடாது என்று அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ் பிடிக்க ஓடினாள். நான் படிக்கட்டிலேயே நின்று, அவள் போன பிறகு, இன்னொரு தடவை சத்தமாகவே சொன்னேன்.